டப்பா நிறைந்துவிட்டது, அம்மா

எங்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்த என் பிரியமான அம்மாவுக்கு,

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. நீங்கள் போனபோது பெய்த அதே மழை. காலையில் கதவைத் திறந்தால் எதிர்மேட்டு டீத்தோட்டம் இருக்கிறதா, யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா என்று தெரியாத அளவுக்கு மூடுபனி. துவைத்த துணி அடுப்புக்கு மேலே கொடியில் தொங்குகிறது. உங்கள் மருமகனின் ஆபீஸ் சட்டையில் புகை வாசம். அங்கே மழை உண்டா அம்மா? உங்கள் முழங்கால் இப்போது வலிப்பதில்லைதானே?

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது என்று சபை இதழின் நினைவுப் பக்கத்துக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஆயரம்மா கேட்டார்கள். கட்டுரை எழுத எனக்கு வராது. பத்தாவதோடு நிறுத்தியவள் நான். அதற்குப் பிறகு வேதத்தையும் பழைய பேப்பர்களையும் படித்துப் படித்துத் தேறியதுதான் என் தமிழ். எழுதிப் பழகியது என்றால் வீட்டுக் கணக்கும் உங்களுக்குப் போட்ட கடிதங்களும்தான். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். சபையாரும் படிக்கட்டும்.

அப்பாவிடம் சம்மதம் கேட்டுக்கொண்டேன்.

"எழுது அம்மிணி. அந்த அரிசி சமாச்சாரத்தை மட்டும் உட்டுரு" என்றார்.

"அதை விட்டா வேற என்னங்கப்பா இருக்குது எழுதறதுக்கு?"

டம்ளரைக் கீழே வைத்தார். "சரி, எழுது. அடுத்த ஊட்டு ஜெபமணி வாயில வர்றதுக்கு உன்ற கையில வந்தா கொஞ்சம் கௌரவமா இருக்கும்."

ஆகவே எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே அப்பாவை வெலிங்டனுக்கு எங்களோடு வரச் சொல்லிக் கூப்பிட்டோம். வரமாட்டேன் என்றார். நீங்கள் இருந்த வீட்டில்தான் இருப்பாராம். சமைக்கத் தெரியுமா என்று கேட்டதற்கு, "டீ பாக்டரியில அத்தனை பெரிய டிரையரையே ஓட்டுனவன், ஒரு அடுப்பு ஓட்ட மாட்டனா?" என்றார். நானும் விட்டுவிட்டேன். வாரம் ஒருமுறை மினி பஸ் பிடித்துக் குன்னூர் வந்து, மேடேறி, பார்த்துவிட்டுப் போவேன்.

முதலில் அவர் நன்றாக இருப்பதாகத்தான் நினைத்தேன். அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போனார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவரே ஆறுதல் சொன்னார். "அவ எங்கீங்க போயிட்டா? நமக்கு இடம் பார்க்க முன்னால போயிருக்கறா. நானும் போயிருவேன்." கேட்டவர்கள், என்ன விசுவாசம் என்று மெச்சினார்கள். நானும் பெருமைப்பட்டேன்.

அப்புறம்தான் அம்மா, எனக்கு மெல்லப் பயம் பிடித்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தி ஒரு புது ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போனேன். பழையது முழங்கையில் கிழிந்திருந்தது. கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எதுக்கு அம்மிணி, இந்த ஒரு குளிருக்காக? உங்க ஊட்டுக்காரருக்கு ஆகும், கொண்டு போ." பெட்டியில் வெள்ளை வேட்டியையும் சட்டையையும் இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தார். எதற்கென்று பார்த்ததுமே புரிந்தது. பெட்டியை மூடி வைத்தேன்.

சபைக் கூடத்தில் கண் பரிசோதனை முகாம் நடந்தது. இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, கோயம்புத்தூருக்கு வந்தால் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார் டாக்டர். அப்பா சிரித்தார். "அங்க போனா எல்லாம் தெளிவாத் தெரியும்ங்க டாக்டர். நடுவுல எதுக்கு வீண் சிரமம்?" டாக்டர் சின்ன வயசுக்காரர். எங்கே போனால் என்று புரியாமல் என்னைப் பார்த்தார்.

கல்லறைத் திருநாளுக்குப் போனபோதும் அப்படித்தான். உங்கள் மேட்டைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, மஞ்சள் செவ்வந்தியாகப் பார்த்து வாங்கி நிரப்பி வைத்தோம். ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தால் வேலி ஓரமாக ஒரு காட்டெருமை நிற்கிறது. எல்லோரும் பின்வாங்கினோம். அது நிதானமாக வந்து, உங்கள் செவ்வந்தியை முழுசாகத் தின்றுவிட்டு, பக்கத்துக் கல்லறை மெழுகுவர்த்தியை மோந்து பார்த்துவிட்டு, தேயிலைக்குள் இறங்கிப் போனது. "உங்கம்மா இருந்திருந்தா முந்தானையை வீசியே முடுக்கி உட்டிருப்பா" என்று அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கும் முன்னே, உங்களுக்குப் பக்கத்தில் இருந்த புல்தரையைச் செருப்பால் தட்டிப் பார்த்துச் சொன்னார்: "இங்க இன்னும் ஒரு ஆளுக்கு இடமிருக்குது பாரு. சொல்லி வெச்சிரோணும்."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள் அம்மா? பரலோகம் இல்லை என்று சொல்லவா? நானும் தினம் ஜெபத்தில், உங்களை மறுபடி காணும்படி அருள் செய்யும் என்றுதானே கேட்கிறேன்? நான் முழுசாக நம்புகிற ஒன்றை அப்பாவும் நம்புகிறார். ஆனால் அவர், லீவு சாங்ஷன் ஆனவன் மூட்டை கட்டுகிற மாதிரி நம்பினார். இந்த வீட்டில் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. வெளிச்சம் வேண்டாம், ஸ்வெட்டர் வேண்டாம். விசுவாசம் குறைந்தவருக்குத் தைரியம் சொல்லலாம். இவருக்கு எதைச் சொல்லுவது?

ஒருநாள் அரிசி மூட்டையைப் பார்த்தேன். முந்தின மாதம் நான் வாங்கிப் போட்டது உள்ளறை மூலையில் கட்டு அவிழ்க்காமல் கிடந்தது. என் வீட்டில் எது எவ்வளவு நாள் வரும் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் தெரியும். நேராக அப்பாவிடம் போனேன்.

"அப்பா, சாப்பிடறீங்களா இல்லையா?"

"தின்னாம எப்படி அம்மிணி இருக்கறது? காலையில டீயும் வர்க்கியும். மத்தியானம் ஒருவா சோறு."

"மூட்டை அப்படியே இருக்குதே? எந்த அரிசியைப் போட்டு வடிச்சீங்க?"

"அதான், அடுப்புக்குப் பக்கத்துல டின்னுல இருக்குதே."

அந்த நேரம் பார்த்துத்தான் ஜெபமணி அக்கா உள்ளே வந்தார். அடுத்த வீட்டுக்காரர், பெண்கள் சங்கத்துச் செயலாளர், உங்களோடு சேர்ந்து அத்தனை வருஷம் கைப்பிடி அரிசி சேர்த்தவர். சங்கத்துப் பெண்கள் ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைக் கடவுளுக்கென்று டப்பாவில் போட்டு, நிறைந்ததும் கோவிலுக்குக் கொண்டு வருவார்களே, அதைக் கேட்கத்தான் வந்திருந்தார். துக்க வீடாயிற்றே என்று அத்தனை மாதம் கேட்காமல் இருந்தவர்.

"அக்கா கடைசியாச் சேர்த்ததை எடுத்துட்டுப் போயிரலாம்னு வந்தேனுங்க அண்ணா" என்று சொல்லி, அடுப்புப் பக்கத்து டின்னை எடுத்தார். டீத்தூள் சாம்பிளுக்கென்று அப்பா எப்போதோ பாக்டரியிலிருந்து கொண்டு வந்த பழைய டின். மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

டின்னின் அடியில் நாலைந்து அரிசிதான் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. மூடியில் நீங்கள் ஆணியால் கீறி வைத்த சிலுவை புரை விழுந்த கண்ணுக்குத் தெரியவே இல்லை. கைக்கு எட்டிய அரிசி என்று எடுத்து உலையில் போட்டிருக்கிறார். டின்னை வாங்கி, உள்ளே விரலை விட்டுத் தடவினார்.

"ஆண்டவருக்கு வெச்சதையா நான் தின்னேன்?"

ஜெபமணி அக்காவைத்தான் உங்களுக்குத் தெரியுமே. "அட, விடுங்கண்ணா. தனியா இருக்கற வயசானவங்களுக்குத்தானே அந்த அரிசியை நாங்க பங்கு வெச்சுக் குடுக்கறோம்? உங்களுக்கு வரவேண்டியதை நீங்களே எடுத்துக்கிட்டீங்க. எங்களுக்கு நடை மிச்சம்."

நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை.

"நாளைக்கு அங்க போய் அவ மூஞ்சியை எப்படிப் பார்ப்பேன், சொல்லு. போனதும் முதல்ல இதைத்தான் கேப்பா."

"மூட்டையிலிருந்து அள்ளி இப்பவே நிரப்பிடலாங்கப்பா" என்றேன்.

"உங்கம்மா ஒத்துக்குவாளா?"

ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். எனக்கே நினைவு இருக்கிறது. சின்ன வயதில் நான் சோம்பேறித்தனமாக மூட்டையிலிருந்து அள்ளிப் போட்டதற்கு டப்பாவைக் கவிழ்த்துத் திருப்பிக் கொட்டினீர்கள். அன்றைக்கு நாம் சாப்பிட அளந்த அரிசியிலிருந்துதான் ஒரு பிடி எடுக்க வேண்டும். நம் தட்டில் அந்தப் பிடி குறைய வேண்டும். அது உங்கள் சட்டம். உலை வைக்காத நாளில் டப்பாவில் எதுவும் விழாது.

அன்று ஊருக்குத் திரும்பும்போது, அப்பா இனி இதையும் ஒரு பாரமாகச் சுமப்பாரே என்று கலங்கிக்கொண்டேதான் பஸ் ஏறினேன். அடுத்த வாரம் போனால் வீட்டில் சோற்று வாசம். மூட்டைக் கட்டு அவிழ்ந்திருந்தது. உழக்கு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு வேளை மட்டும் உலை வைத்தால் நாளுக்கு ஒரு பிடிதானே விழும்? டின் எப்போது நிறையும்? அதனால் இரண்டு வேளையும் உலை வைக்க ஆரம்பித்திருந்தார். வடித்ததைக் கொட்ட முடியுமா? அதையும் சாப்பிட்டிருந்தார். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்று ஜெபமணி அக்காவிடம் பருப்புக் கடைசலுக்குப் பக்குவம் கேட்டிருக்கிறார். "அண்ணா கடைசல்ல உப்பு தூக்கலா இருந்தாலும் வைராக்கியம் அதைவிடத் தூக்கல்" என்றார் அக்கா.

இதற்கு நான் ஜெபம் செய்திருந்தேனா என்றால், செய்திருந்தேன். அவர் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்றும், அவசரம் தணிய வேண்டும் என்றும். ஆனால் பதில் இந்த வழியாக வரும் என்று எனக்கு எட்டவில்லை. நீங்கள் அங்கே யாரிடமாவது சொன்னீர்களோ?

பாதி நிறைந்திருக்கும்போது ஜெபமணி அக்கா ஒருநாள் டின்னைத் திறந்து பார்த்தார். கையை விட்டுக் கிளறினார்.

"ஏனுங்கண்ணா, நெல்லு, கல்லு, வண்டு எல்லாத்தையும் சேர்த்தே காணிக்கை போட்டிருக்கீங்களே? வண்டுக்கும் இரட்சிப்பு வேணும்னா?"

அப்பா டின்னை வாங்கினார். முறத்தில் கொட்டி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கண்ணுக்குப் பக்கத்தில் அரிசியைக் கொண்டு போய்ப் போய்ப் பார்த்தார். வெளியே மூடுபனி, உள்ளே புரை. கல்லென்று அவர் பொறுக்கிப் போட்டதில் பாதி அரிசி. நான் முறத்தைக் கேட்டேன். கொடுக்கவில்லை. கடைசியில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"அந்தக் கண்ணாஸ்பத்திரி கோயமுத்தூர்ல எங்க இருக்குது?"

நான் அவசரப்பட்டு எதுவும் சொல்லிக் கெடுத்துவிடக் கூடாதே என்று, "விசாரிச்சுச் சொல்றேனுங்கப்பா" என்றேன். விலாசம் என் பைக்குள்ளேயே இருந்தது.

உங்கள் மருமகன் லீவு போட்டுக்கொண்டு கூடவே வந்தார். மலை இறங்க இறங்க அப்பா ஸ்வெட்டரைக் கழற்றினார். ஆமாம், நான் மறுபடி கொண்டுபோய்க் கொடுத்த அந்தப் புது ஸ்வெட்டர்தான். "மத்தவங்க முன்னால கிழிஞ்சதைப் போட்டுட்டு வந்தா உனக்குத்தான் அவமானம்" என்று காரணம் சொன்னார். பர்லியார் தாண்டியதும் வெயில் முகத்தில் அடித்தது. "இந்தச் சூட்டுல எப்படித்தான் மனுஷங்க இருக்கறாங்களோ" என்று ஆஸ்பத்திரி வாசல் வரை புலம்பிக்கொண்டு வந்தார். ஆபரேஷன் அறைக்குள் போகும் முன் மூவரும் ஜெபம் செய்தோம். அப்பா தன் ஜெபத்தில், "ஆண்டவரே, சீக்கிரம் வருகிறேன்" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. நான் கவனித்தேன்.

கட்டு அவிழ்த்தபோது எதிரே நான்தான் நின்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"உனக்கு எப்ப அம்மிணி இத்தனை நரைச்சுது?"

அம்மா, அன்றைக்குத்தான் நான் அழுதேன். உங்களைப் பெட்டியில் வைத்திருந்தபோதுகூட அப்படி அழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்பங்கரைக்குப் போய் டின்னை எடுத்தார். மூடியை வெளிச்சத்தில் பிடித்தார். "பாரு, எத்தாப் பெருசாக் கீறி வெச்சிருக்கறா! இது தெரியாமயா தின்னேன்?" என்று அந்தச் சிலுவையின் மேல் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த கண்ணுக்கும் பிறகு ஒரு மாதம் கழித்துப் போய் வந்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமை டின் நிறைந்தது. கழுத்து வரைக்கும். கல் இல்லை, நெல் இல்லை. ஜெபமணி அக்கா கையை விட்டுப் பார்த்து, எதுவும் சொல்ல அகப்படாமல் மூடிவிட்டார். அது உலக அதிசயம். கைப்பிடி அரிசி கொண்டு வருகிற பெண்களின் வரிசையில் ஒரே ஒரு கிழவராக அப்பா போய் நின்றார். பின்னால் சின்னப் பெண்கள் சிரித்தார்கள். ஆயர் வாங்கிக்கொண்டபோது, "இது என்ற ஊட்டுக்காரியோடதுங்க, நான் சும்மா எடுத்துட்டு வந்தேன்" என்று சொன்னார்.

செவ்வாய்க்கிழமை ஜெபமணி அக்கா ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றார். "இந்தாங்க, தனியா இருக்கற வயசானவங்க பங்கு. இந்தத் தடவை முறையா வாங்கிக்குங்க." அப்பா வாங்கிக்கொண்டார். அன்று மத்தியானம் அதிலிருந்துதான் உலைக்கு அளந்தார். அளந்ததிலிருந்து ஒரு பிடி எடுத்துக் காலி டின்னில் போட்டார். சடசடவென்று தகரத்தில் விழுந்த சத்தம் எனக்கு ரொம்ப நாள் கழித்து நம் வீட்டில் கேட்ட சத்தம். அடுப்பு முன் நீங்கள் நின்றிருந்தால் அப்படித்தான் கேட்டிருக்கும்.

நேற்று உங்களைப் பார்க்க வந்திருந்தோமே. குடைக்குள் குனிந்து அப்பா உங்கள் மேட்டில் விழுந்திருந்த இலைகளைப் பொறுக்கினார். பக்கத்துப் புல்தரையைத் தட்டிப் பார்க்கவில்லை. பிறகு திடீரென்று பஸ் பேச்சை எடுத்தார். மினி பஸ் வருவதற்கு வெகு நேரம் முன்பே போய் ஸ்டாப்பில் நனைந்துகொண்டு நிற்பாரே, நீங்கள் வாசலில் நின்று, "அது நமக்குன்னு வர்ற பஸ்ஸுங்க, நம்மளை உட்டுட்டு எங்க போயிரும்? உள்ள வந்து ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போங்க" என்று கத்துவீர்களே, அதைச் சொன்னார்.

"உங்கம்மா சொன்னது வாஸ்தவந்தான் அம்மிணி. நிச்சயமா வர்ற பஸ்ஸுக்கு முந்தியே போய் எதுக்கு மழையில நிக்கோணும்?"

சொல்லிவிட்டு, "வா, உலை வெக்கோணும்" என்று மேடேற ஆரம்பித்தார். கல்லறைத் தோட்டத்துப் படிகளை அவர் இப்போது கையைப் பிடிக்காமலே ஏறுகிறார்.

அம்மா, அவர் வந்து சேர்வது நிச்சயம். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, உங்களுக்கும் இருக்காது. அழைப்பு வருகிற அன்று அந்த வெள்ளைச் சட்டைக்கு நானே இஸ்திரி போட்டு, சந்தோஷமாக அனுப்பிவைப்பேன். அதுவரைக்கும் அவரை வாசலுக்கு இந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என் பொறுப்பு. வாரம் தவறாமல் போவேன். டின்னைத் திறந்து பார்ப்பேன். போன வாரத்தைவிட ஏறியிருந்தால் அவர் சாப்பிட்டிருக்கிறார் என்று அறிந்துகொள்வேன். நீங்களும் அங்கே அவருக்கு ஓர் இடம் போட்டு வைத்துவிட்டு, அவசரப்படுத்தாமல் இருங்கள். கொஞ்சம் தாமதமாகத்தான் வருவார். வெறுங்கையோடு வரமாட்டார்.

அங்கே வந்தும் உங்கள் மகளாகவே இருக்கப் போகிற,
லீதியாள்